குகைக் கல்லில் பழைய மழையைப் படிப்பது எப்படி? ராமநாதபுரம் கரையிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

எஸ்.பி.பட்டினம் தொடங்கி தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், ஏர்வாடி, மூக்கையூர் வரை எங்கள் கரை முழுக்க மணலும் களியும் பவளப்பாறையும்தான். சொட்டுச் சொட்டாகக் கல் வளர்கிற சுண்ணாம்புக் குகையைத் தேடி வருகிறவர் இங்கே ஏமாந்துதான் போவார். இருந்தாலும் இந்த வழிகாட்டியை இங்கே உட்கார்ந்து எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. மழை எப்போது பொய்க்கும், பொய்த்தால் எத்தனை வருடத்துக்குப் பொய்க்கும் என்பது இந்த மாவட்டத்தின் சோற்றுக் கேள்வி. இந்திய வானிலைத் துறை தொடங்கியது 1875-இல். அடுத்த ஆண்டே தாது வருடப் பஞ்சம் வந்துவிட்டது. அளந்து எழுதிவைத்த மழைக்கணக்கு ஏறத்தாழ அவ்வளவு தூரம்தான் பின்னோக்கிப் போகும். அதற்கு முந்தைய ஆயிரம், பத்தாயிரம் ஆண்டுகளின் மழையை அறிய வேறு சாட்சிகள் வேண்டும். அவற்றில் மிகத் துல்லியமாகத் தேதி சொல்லக்கூடியது குகைக்குள் வளரும் கல்.

கல்லூரி மாணவர்கள், பள்ளி ஆசிரியர்கள், செய்தியில் ‘4,200 ஆண்டுகளுக்கு முன் பெரும் வறட்சி’ என்று படித்துவிட்டு அது எப்படித் தெரியும் என்று யோசிப்பவர்கள், இவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். ஆய்வுக்கூடம் இல்லாமலே செய்யக்கூடிய வேலைகளும் இதில் உண்டு. தொடங்கும் முன்பே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: எந்தக் குகையின் வரைபடத்தைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது ‘இது யாருடைய மழை?’ என்பதுதான். மற்ற எல்லாப் படிகளும் அந்தக் கேள்விக்குத் தயாராவதற்காகத்தான்.

படி 1: ‘திடீர்’ என்று எதைச் சொல்கிறோம்?

பூமியின் காலநிலை எப்போதும் மாறிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. பூமியின் சுற்றுப்பாதையும் அச்சும் அசைவதால் பருவமழை கூடுவதும் குறைவதும் பல ஆயிரம் ஆண்டுகளில் மெல்ல நடப்பது. அது திடீர் மாற்றமல்ல. ஒரு மனித ஆயுளுக்குள், சில பத்தாண்டுகளுக்குள், ஒரு நிலையிலிருந்து வேறொரு நிலைக்குப் போய், அங்கேயே நூறு, ஆயிரம் ஆண்டு தங்கிவிடுவதுதான் திடீர் மாற்றம்.

நான்கு பெயர்களைத் தெரிந்துகொண்டால் போதும். கடந்த பனியுகத்தில் கிரீன்லாந்து சில பத்தாண்டுகளுக்குள் 8 முதல் 16 டிகிரி வரை சூடேறிய நிகழ்வுகள் சுமார் 25 உண்டு. அவற்றுக்கு டான்ஸ்கார்ட்-ஓஷ்கர் நிகழ்வுகள் என்று பெயர். பனியுகம் முடிந்து சூடேறிக்கொண்டிருந்த உலகம், சுமார் 12,900 முதல் 11,700 ஆண்டுகளுக்கு முன்பு வரை மறுபடி குளிர்ந்தது. அது யங்கர் டிரையாஸ். சுமார் 8,200 ஆண்டுகளுக்கு முன் வட அமெரிக்கப் பனிப்படலத்தை ஒட்டியிருந்த அகாசிஸ், ஒஜிப்வே ஏரிகள் உடைத்துக்கொண்டு ஹட்சன் விரிகுடா வழியே அட்லாண்டிக்கில் கொட்டின. கிரீன்லாந்தில் அதன் குளிர் ஏறத்தாழ 160 ஆண்டு நீடித்தது. கடைசியாக, 4,200 ஆண்டுகளுக்கு முந்தைய வறட்சி. இதுதான் இந்தியாவில் அதிகம் பேசப்படுவது, அதிகம் தவறாகவும் பேசப்படுவது.

படி 2: கல் வளரும் வேதியியலை அடுப்பில் பாருங்கள்

ராமநாதபுரத்தில் போர்த் தண்ணீரைக் காய்ச்சும் எந்த வீட்டிலும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக ஏடு பிடித்திருக்கும். சில நாள் தேய்க்காமல் விட்டால் விரல்நகத்தால் சுரண்டினாலும் வராது. உப்புப் படிந்துவிட்டது என்று சொல்வோம். ஒரு சில்லைப் பெயர்த்துத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், கரையாது. எலுமிச்சைச் சாற்றை இரண்டு சொட்டு விடுங்கள். காதருகே கொண்டுபோனால் மெல்லிய சீறல் கேட்கும், உற்றுப் பார்த்தால் சின்னச் சின்னக் குமிழிகள் விளிம்பில் ஒட்டிக்கொண்டு எழும். அது கால்சியம் கார்பனேட். குமிழிகள் கரியமில வாயு.

குகையில் நடப்பதும் இதே வேதிவினைதான். மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் கரியமில வாயுவை ஏற்றுக்கொண்டு லேசாகப் புளிக்கிறது. அந்தப் புளித்த நீர் சுண்ணாம்புப் பாறையைக் கரைத்தபடி கீழே போகிறது. குகையின் கூரையை அடைந்ததும், மண்ணைவிடக் குகைக் காற்றில் கரியமில வாயு குறைவு என்பதால், நீரிலிருந்து வாயு வெளியேறுகிறது. அடுப்பில் கொதி செய்யும் வேலையைக் குகையில் இந்த வித்தியாசம் செய்கிறது. வாயு போனதும் கால்சைட், அதாவது கால்சியம் கார்பனேட் படிகம், படிகிறது. கூரையிலிருந்து தொங்குவது கல்விழுது. சொட்டு விழுந்த தரையிலிருந்து எழுவது கல்முளை. ஆய்வுக்குப் பெரும்பாலும் கல்முளையைத்தான் எடுப்பார்கள். அது மெழுகுவர்த்தி போல நிமிர்ந்து, அடுக்கின் மேல் அடுக்காக வளர்வதால் எது பழையது, எது புதியது என்ற குழப்பம் குறைவு.

வளரும் வேகம் ஆண்டுக்கு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு முதல் பத்தில் சில பங்கு வரை. கைமுழ உயரக் கல் ஒன்று பல ஆயிரம் ஆண்டுகளைச் சுமந்திருக்கும்.

ஓர் எச்சரிக்கை. பழைய மேல்நிலைத் தொட்டிகளின் அடியிலும் பாலங்களின் அடியிலும் வெள்ளைக் குழல்கள் தொங்குவதை நம் ஊர்களிலேயே பார்க்கலாம். அவை சிமென்டிலிருந்து கரைந்த சுண்ணாம்பு, காற்றிலிருந்து கரியமில வாயுவை உள்ளே இழுத்துக்கொண்டு உருவாவது. குகையில் வாயு வெளியே போகிறது, இங்கே உள்ளே வருகிறது. சில மாதங்களிலேயே விரல் நீளம் வளர்ந்துவிடும். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் அதில் பழைய மழையைத் தேட முடியாது.

படி 3: குகையையும் கல்லையும் தேர்ந்தெடுப்பது

இது ஆய்வாளர்களின் வேலை. அவர்கள் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று நமக்குத் தெரிந்திருந்தால் போதும். குகையின் உட்பகுதியில் ஆண்டு முழுக்க வெப்பநிலை கிட்டத்தட்ட மாறாமல் இருக்க வேண்டும். வெளியே அந்த ஊரின் ஆண்டுச் சராசரி எதுவோ, அதுதான் உள்ளே நிலைத்திருக்கும். ஈரப்பதம் நூறு சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும், காற்றோட்டம் குறைவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சொட்டு நீர் ஆவியாகி, அதன் ஐசோடோப் கணக்கு (ஒரே தனிமத்தின் கனமான அணுவும் லேசான அணுவும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்பது) குலைந்துவிடும். வாசலருகே இருக்கும் அழகான கல்லை விட்டுவிட்டு ஆழத்தில் இருக்கும் சாதாரணக் கல்லை அவர்கள் எடுப்பது அதனால்தான்.

நல்ல குழுக்கள் கல்லைத் தொடும் முன்பே ஓரிரு ஆண்டுகள் சொட்டு நீரைக் கவனிப்பார்கள்: மழை பெய்து எத்தனை நாள் கழித்துச் சொட்டு வேகமெடுக்கிறது, கோடையில் நிற்கிறதா, மழைநீரின் ஐசோடோப்பும் சொட்டு நீரின் ஐசோடோப்பும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று. இந்தக் கவனிப்பு இல்லாத ஆய்வைப் படிக்கும்போது நான் கொஞ்சம் நிதானித்தே நம்புவேன்.

கல்லை எடுப்பதில் அறமும் உண்டு. உடைத்த கல்முளை நம் காலத்தில் திரும்ப வளரப்போவதில்லை. ஏற்கெனவே உடைந்து கிடப்பதை எடுப்பது, சிறு துளையிட்டுத் தேதி பார்த்துவிட்டு வேண்டியதை மட்டும் எடுப்பது, மிச்சத்தை அடுத்த ஆய்வாளருக்காகப் பாதுகாப்பது, இவையெல்லாம் இப்போது வலியுறுத்தப்படுகின்றன. ஆந்திராவின் போரா குகைக்கோ பேலம் குகைக்கோ சுற்றுலா போகிறவர்கள் கல்லைக் கையால் தடவக்கூடக் கூடாது. தோலின் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டினால் அந்த இடத்தில் படிவு சரியாக ஒட்டாது.

படி 4: வெட்டி, அடுக்குகளைப் பார்ப்பது

கல்முளையை உச்சியிலிருந்து அடிவரை நடுவாக அறுத்து, முகத்தை வழவழப்பாகத் தேய்ப்பார்கள். உள்ளே வெளிர்மஞ்சள், பால்வெள்ளை, பழுப்பு என்று வரிகள் தெரியும். சில குகைகளில் ஒரு வரி ஒரு ஆண்டு. எல்லாக் குகையிலும் அப்படி இல்லை.

கண்ணை ஓட விட வேண்டியது வளர்ச்சி நின்றுபோன இடங்களில். சொட்டு நின்றுபோனால் வளர்ச்சியும் நிற்கும். மேற்பரப்பில் தூசி படியும், சில நேரம் அரிப்பும் நடக்கும். பிறகு நீர் வந்ததும் அதன் மேலேயே புது அடுக்கு தொடங்கும். அழுக்குக் கோடு ஒன்று மட்டும் சாட்சியாக இருக்கும். அந்த ஒரு கோட்டுக்குள் ஐநூறு ஆண்டுகள் காணாமல் போயிருக்கலாம். அதைக் கவனிக்காமல் மேலேயும் கீழேயும் இருக்கும் மதிப்புகளை ஒட்டிப் பார்த்தால், மெல்ல நடந்த மாற்றம் திடீர் மாற்றமாகத் தெரியும். வரைபடத்தில் செங்குத்தாக விழும் கோடு எதைப் பார்த்தாலும் கல்லின் படத்தில் அந்த இடத்தில் அழுக்குக் கோடு இருக்கிறதா என்று தேடுங்கள்.

படி 5: வயதைக் கண்டுபிடிப்பது

குகைக் கல்லுக்கு இருக்கும் மதிப்பெல்லாம் இந்தப் படியில்தான் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

யுரேனியம் நீரில் கரையும், தோரியம் அநேகமாகக் கரையாது. அதனால் சொட்டு நீர் குகைக்கு வரும்போது யுரேனியத்தைச் சிறிதளவு கொண்டுவருகிறது, தோரியத்தை வழியிலேயே மண்ணில் விட்டுவிடுகிறது. கல் படியும் அன்று அதற்குள் யுரேனியம் உண்டு, தோரியம்-230 இல்லை. அன்றிலிருந்து யுரேனியம்-234 சிதைந்து தோரியம்-230 உருவாகத் தொடங்குகிறது. யுரேனியம்-234-இன் அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் காலம், சுமார் 2,45,000 ஆண்டு, தோரியம்-230-க்குச் சுமார் 75,600 ஆண்டு. எவ்வளவு தோரியம் சேர்ந்திருக்கிறது என்று அளந்தால் கல் எப்போது படிந்தது என்று சொல்லிவிடலாம். இந்த முறையில் ஆறு லட்சம் ஆண்டு வரை போகலாம்.

எளிமையாக்கிய கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். யுரேனியத்தின் இரண்டு ஐசோடோப்களும் (234-உம் அதன் மூலமான 238-உம்) சமநிலையில், அதாவது ஒரே கதிரியக்க அளவில், இருப்பதாக வைத்துக்கொள்வோம். தோரியம்-230-க்கும் யுரேனியம்-238-க்கும் உள்ள கதிரியக்க விகிதம் 0.038 என்று ஆய்வுக்கூடம் சொல்கிறது. ஒன்றிலிருந்து அதைக் கழித்தால் 0.962. அதன் இயல் மடக்கை, குறியை நீக்கினால், 0.03874. 0.693-ஐ 75,600-ஆல் வகுத்தால் வரும் சிதைவு மாறிலியால் இதை வகுங்கள். சுமார் 4,230 ஆண்டு வரும். உண்மையில் இரண்டு யுரேனியமும் சமநிலையில் இருப்பது அரிது என்பதால் ஆய்வுக்கூடத்தின் சமன்பாடு இதைவிட நீளமானது. அடிப்படை இதுதான்.

இதில் வரும் பெரிய இடைஞ்சல் அழுக்கு. தூசியோடும் களிமண்ணோடும் வந்து ஒட்டிய தோரியத்தில் தோரியம்-230-உம் கொஞ்சம் கலந்திருக்கும். அது கல்லை அதன் உண்மையான வயதைவிட மூத்ததாகக் காட்டும். கூடவே வரும் தோரியம்-232-ஐ அளந்து, இவ்வளவு அழுக்கு இருக்கிறது என்று மதிப்பிட்டுக் கழிப்பார்கள். கழித்த அளவு பெரிதாக இருந்தால் வயதின் பிழையும் பெரிதாகும். சுத்தமான, யுரேனியம் நிறைந்த கல்லில் 4,000 ஆண்டுக்கு இருபது முப்பது ஆண்டுப் பிழையோடு தேதி வாங்கலாம். அழுக்கான கல்லில் பிழை நூற்றுக்கணக்கில் போகும்.

கார்பன்-14 வைத்து ஏன் பார்க்கக் கூடாது என்று மாணவர்கள் கேட்பார்கள். கல்லில் உள்ள கார்பனில் ஒரு பகுதி லட்சக்கணக்கான ஆண்டு பழைய சுண்ணாம்புப் பாறையிலிருந்து கரைந்து வந்தது. அதில் கார்பன்-14 மிச்சமே இருக்காது. எவ்வளவு கலந்திருக்கிறது என்று தெரியாமல் வயது சொன்னால் தவறிப்போகும்.

எல்லா அடுக்குக்கும் தேதி வாங்கக் கட்டுப்படியாகாது. பத்து, இருபது இடங்களில் தேதி வாங்கி, இடைப்பட்ட அடுக்குகளுக்குக் கணக்கிட்டு நிரப்புவார்கள். உதாரணத்துக்கு, உச்சியிலிருந்து 40 மில்லிமீட்டரில் 3,600 ஆண்டு, 100 மில்லிமீட்டரில் 4,800 ஆண்டு என்றால், 70 மில்லிமீட்டரில் 4,200 என்று வரும். ஆனால் இடையில் கல் ஒரே வேகத்தில் வளர்ந்தது என்று யார் உத்தரவாதம் தருவது? அதனால் ஒரு ஆய்வைப் படித்ததும் நான் முதலில் பார்ப்பது, அவர்கள் பேசும் நிகழ்வுக்கு மிக அருகில், முன்னும் பின்னும், எத்தனை தேதிகள் இருக்கின்றன என்பதைத்தான்.

படி 6: ஆக்சிஜனைப் படிப்பது

பல் மருத்துவர் கையில் இருப்பது போன்ற நுண்துளைக் கருவியால், அரை மில்லிமீட்டரோ அதற்கும் குறைவாகவோ இடைவெளி விட்டுப் பொடி எடுப்பார்கள். ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு பொடி போதும். அதில் பாஸ்பாரிக் அமிலம் விட்டால் கரியமில வாயு வரும். அணுக்களை எடைவாரியாகப் பிரிக்கும் நிறை நிறமாலைமானி அந்த வாயுவில் கனமான ஆக்சிஜன்-18-க்கும் லேசான ஆக்சிஜன்-16-க்கும் உள்ள விகிதத்தை அளக்கும். இயற்கையில் ஏறத்தாழ 500 ஆக்சிஜன் அணுவுக்கு ஒன்றுதான் ஆக்சிஜன்-18. மாற்றம் மிக நுட்பமானது என்பதால், எல்லோரும் பொதுவாக வைத்துக்கொண்ட தரக்கல்லோடு ஒப்பிட்டு, ஆயிரத்தில் எத்தனை பங்கு வித்தியாசம் என்று சொல்வார்கள். அந்த அலகுக்குப் பெர்மில் என்று பெயர். மைனஸ் 5 என்றால் தரக்கல்லைவிட ஆயிரத்தில் ஐந்து பங்கு கனமான ஆக்சிஜன் குறைவு.

கல்லில் இந்த எண் ஏன் மாறுகிறது? மேகம் நகர நகர, பெய்யப் பெய்ய, கனமான ஆக்சிஜன் முதலில் இறங்கிவிடும். மிச்சமிருக்கும் ஈரம் லேசாகிக்கொண்டே போகும். அடைமழையின் நீர் தூறலின் நீரைவிட லேசாக இருக்கும். வெப்பமண்டலத்தில் இதை மழையளவு விளைவு என்பார்கள். டென்மார்க் விஞ்ஞானி டான்ஸ்கார்ட் 1964-இல் இதை விரிவாக எழுதினார். ஆகவே எண் கீழே போனால் பருவமழை வலுத்தது, மேலே வந்தால் மெலிந்தது என்று பொதுவாகப் படிப்பார்கள். குகையின் வெப்பநிலையும் எண்ணை மாற்றும், ஒரு டிகிரிக்குச் சுமார் 0.2 பெர்மில். பருவமழையின் பெரிய ஆட்டங்களுக்கு முன் அது சிறிது.

எங்கள் கரையில் ஒவ்வொருவரும் கேட்டு வளர்ந்த டிசம்பர் 1964 புயலைப் போன்றவற்றின் மழை மிகவும் லேசான ஆக்சிஜனைக் கொண்டிருக்கும். மத்திய அமெரிக்காவின் பெலீஸில் வேகமாக வளர்ந்த கல்முளை ஒன்றில், மிக நெருக்கமாகப் பொடி எடுத்துப் பார்த்தபோது, பதிவுசெய்யப்பட்ட புயல்களோடு ஒத்துப்போகும்படி ஐசோடோப் எண் சட்டென்று கீழே இறங்கியது தெரிந்தது. மெதுவாக வளரும் கல்லில் அப்படிப் பார்க்க முடியாது. பத்து வருட மழை ஒரே பொடியில் கலந்துவிடும்.

படி 7: இது யாருடைய மழை?

ராமநாதபுரம் மாவட்டத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வங்கக்கடலிலிருந்து வருவது. ஆடியும் ஆவணியும் இங்கே காற்று மாதங்கள்தான். ஆனால் இந்தியாவின் புகழ்பெற்ற குகைகளெல்லாம் பேசுவது அந்த ஆடி, ஆவணி மழையைப் பற்றி: மேகாலயாவின் மாம்லூ, உத்தராகண்டின் சாஹியா, சத்தீஸ்கரின் தண்டக், எல்லாம் தென்மேற்குப் பருவமழைச் சாட்சிகள்.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம்? 2015-ஐ நினைத்துப் பாருங்கள். அந்த ஆண்டு எல் நினோ, அதாவது பசிபிக் கடலின் வெப்பமண்டலப் பகுதி வழக்கத்தைவிடச் சூடான ஆண்டு. நாடு முழுக்கத் தென்மேற்குப் பருவமழை 14 சதவீதம் குறைந்தது. அதே ஆண்டு கார்த்திகையில் சென்னை மூழ்கியது. எல் நினோ ஆண்டுகளில் தென்மேற்கு மெலிவதும் வடகிழக்கு வலுப்பதும் அடிக்கடி சேர்ந்தே நடக்கும். அந்த ஆண்டின் மழை மாம்லூவில் ஒரு கல்லில் பதிந்து, ஆயிரம் ஆண்டு கழித்து யாராவது அதைப் படித்து, ‘2015-இல் இந்தியாவில் வறட்சி, தமிழ்நாடும் காய்ந்தது’ என்று எழுதினால் எப்படி இருக்கும்? 4,200 ஆண்டுகளுக்கு முந்தைய மாம்லூ பதிவை வைத்து, அன்று வைகைக் கரையும் வறண்டது என்று எழுதுவதும் அப்படித்தான்.

தமிழகத்தின் மழையைப் படிப்பதில் இன்னொரு சிக்கல் உண்டு. வடகிழக்குப் பருவமழையின் நீர் தென்மேற்கின் நீரைவிட ஆக்சிஜனில் லேசானது. கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டிய நன்னீர் கலந்த வங்கக்கடல், கூடவே புயல்களும் தாழ்வுநிலைகளும், எல்லாம் சேர்ந்து அப்படி ஆக்குகின்றன. இரண்டு பருவமும் பெய்கிற இடத்தில் கல்லின் எண் கீழே போனால், மொத்த மழை கூடியது என்றும் சொல்லலாம், மழை அளவு மாறாமல் வடகிழக்கின் பங்கு மட்டும் கூடியது என்றும் சொல்லலாம். தென்னிந்தியக் குகைகளையும், இரண்டு பருவ மழையும் பெறும் அந்தமானின் பாரட்டாங் குகைகளையும் படிக்கும்போது இதை மறக்கக் கூடாது.

திடீர் மாற்றங்களின் பின்னால் இருக்கும் பொறிமுறையும் இதே திசையில்தான் போகிறது. வட அட்லாண்டிக்கில் நன்னீர் கொட்டினால், வெப்பத்தை வடக்கே கொண்டுபோகும் கடலோட்டம் தளர்கிறது. வடகோளம் குளிர்கிறது. வெப்பமண்டல மழைப்பட்டை தெற்கே நகர்கிறது. 8,200 ஆண்டுகளுக்கு முந்தைய நிகழ்வில் சீனாவிலும் ஓமனிலும் கல்முளைகள் மழை குறைந்ததைக் காட்ட, பிரேசிலின் கல்முளை மழை கூடியதைக் காட்டியது. ஒரு இடத்தின் வறட்சி இன்னொரு இடத்தின் வெள்ளம். மழைப்பட்டை தெற்கே இறங்கியபோது, இரண்டுக்கும் நடுவில், பத்தாவது அட்சரேகைக்குச் சற்றுக் கீழே இருக்கும் நம் கரைக்கு என்ன கிடைத்தது? வடக்கத்திக் குகையைப் பார்த்து இதற்குப் பதில் எழுத முடியாது. நம் மழையைப் பதிந்த சாட்சியைத்தான் கேட்க வேண்டும்.

படி 8: மாற்றம் உண்மையிலேயே திடீரா?

கல் ஆண்டுக்கு 0.05 மில்லிமீட்டர் வளர்கிறது, பொடி 0.5 மில்லிமீட்டருக்கு ஒன்று என்றால் ஒவ்வொரு புள்ளியும் பத்தாண்டின் சராசரி. அதில் ‘ஐந்தே ஆண்டில் மாறியது’ என்று சொல்ல வழியே இல்லை. தேதியின் பிழை கூட்டல் கழித்தல் 40 ஆண்டு என்றால், நிகழ்வு எந்த ஆண்டில் நடந்தது என்று 40 ஆண்டுக்குள் துல்லியமாகச் சொல்ல முடியாது. ஆனால் எத்தனை காலம் எடுத்தது என்பதை, நடுவில் இருக்கும் அடுக்குகளை எண்ணி, அதைவிட நன்றாகவே சொல்லலாம். எப்போது, எவ்வளவு நேரம் என்ற இரண்டு கேள்விக்கும் பிழை வேறு வேறு.

அடுத்த சோதனை, இன்னொரு கல். அதே குகையில் பக்கத்தில் வளர்ந்த இரண்டாவது கல்முளையும் அதே கதையைச் சொல்ல வேண்டும். சீனாவின் நான்ஜிங் அருகே உள்ள ஹூலு குகை ஆய்வு 2001-இல் வெளிவந்தபோது அது பெரிதும் மதிக்கப்பட்டதற்குக் காரணம், அவர்கள் ஐந்து கல்முளைகளை ஒப்பிட்டு, 75,000 முதல் 11,000 ஆண்டு வரை கிரீன்லாந்துப் பனியில் பதிந்த வெப்பநிலை ஏற்ற இறக்கங்களோடு ஒத்துப்போவதைக் காட்டியதுதான்.

மாம்லூவின் கதையும் இங்கேதான் பாடமாகிறது. அங்கே எடுத்த கேஎம்-ஏ என்ற கல்முளையை அடையாளமாக வைத்து, 2018-இல் பன்னாட்டுப் புவியியல் அறிவியல் ஒன்றியம், கடந்த 4,200 ஆண்டுகளை ‘மேகாலயன் காலம்’ என்று அறிவித்தது. இந்திய மண்ணின் ஒரு கல் உலகக் காலக்கணக்குக்கு எல்லைக்கல் ஆனதில் எனக்கும் பெருமை உண்டு. ஆனால் அதே குகையின் வேறு கற்களை, கூடுதல் தேதிகளோடும் நெருக்கமான பொடிகளோடும் பார்த்தபோது, ஒரே நீண்ட வறட்சியாக இல்லாமல் ஏறி இறங்கும் பல பத்தாண்டு வறட்சிகளாகத் தெரிந்தது. பெயர் நிலைத்துவிட்டது. நிகழ்வின் வடிவம் பற்றிய விவாதம் நடந்துகொண்டிருக்கிறது. வகுப்பில் இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.

படி 9: வீட்டிலிருந்தே செய்யக்கூடிய பயிற்சி

உலகக் குகைக் கற்களின் ஐசோடோப் தரவுகளைத் திரட்டிய சிசல் தொகுப்பு இலவசமாகக் கிடைக்கிறது. அமெரிக்காவின் நோவா அமைப்பின் தொல்காலநிலைக் காப்பகத்திலும் தனித்தனிக் குகைகளின் கோப்புகள் உண்டு. எக்செல் தெரிந்தால் போதும்.

முதலில் மாம்லூ, சாஹியா, அரபிக்கடலின் சொகோத்ரா தீவில் உள்ள மூமி, ஹூலு ஆகியவற்றில் உங்கள் காலத்துக்குப் பொருந்தும் இரண்டை எடுங்கள். கோப்பின் தலைப்பகுதியை முழுவதும் படியுங்கள். அங்கேதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். ‘தற்காலத்துக்கு முன்’ என்றால் சில கோப்புகளில் 1950-க்கு முன், சிலவற்றில் 2000-க்கு முன். மேகாலயன் காலத்தின் தொடக்கம் ஓரிடத்தில் 4,200 என்றும் இன்னோரிடத்தில் 4,250 என்றும் இருப்பது இதனால்தான். இரண்டையும் ஒரே அடிப்படைக்கு மாற்றாமல் வரைந்தால், ஐம்பது ஆண்டு முன்பின் நகர்ந்து, ‘இங்கே முதலில் மாறியது, அங்கே பிறகு’ என்று இல்லாத கதை ஒன்று பிறந்துவிடும்.

காலத்தைக் கிடைமட்டத்திலும் ஐசோடோப் எண்ணைச் செங்குத்திலும் வையுங்கள். செங்குத்து அச்சைத் தலைகீழாகத் திருப்புங்கள். மழை கூடியது மேலே வரும், கண்ணுக்கு இயல்பாக இருக்கும். பிறகு தேதி வாங்கிய புள்ளிகளை, அவற்றின் பிழைக்கோடுகளோடு, அடியில் போடுங்கள். தேதி இல்லாத நீண்ட இடைவெளிகளை மங்கலாக நிழலிடுங்கள். நிழலுக்குள் விழும் எந்த ‘திடீர்’ மாற்றத்தையும் பற்றி உறுதியாக எழுதாதீர்கள்.

எழுத்து வரலாற்றோடு ஒப்பிட விரும்பினால் தண்டக் குகை நல்ல இடம். கி.பி. 600 முதல் 1500 வரையிலான அதன் பதிவில் 14-ஆம் நூற்றாண்டிலும் 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மெலிந்த பருவமழைகள் தெரிகின்றன. 1396-இல் தக்காணத்தில் தொடங்கிய துர்காதேவி பஞ்சம் அந்தக் காலத்தில்தான் வருகிறது.

கல்லூரியில் வேலை செய்பவர்களுக்கு ஒரு யோசனை. ஐப்பசி முதல் மார்கழி வரை ஒவ்வொரு மழையின் நீரையும் சிறு கண்ணாடிப் புட்டியில், காற்றுக் குமிழி இல்லாமல் விளிம்புவரை நிரப்பி, இறுக்க மூடி, தேதியும் அளவும் எழுதி வையுங்கள். மழை நின்றவுடன் எடுக்க வேண்டும். வெயிலில் கால்மணி நேரம் நின்றால்கூட ஆவியாகி எண் மாறிவிடும். அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடம் போல ஐசோடோப் அளக்கும் நிறுவனங்களோடு சேர்ந்து இதைச் செய்தால், நம் கரையின் மழைக்கு ஒரு கையெழுத்து கிடைக்கும். அது இல்லாமல் பழைய சாட்சிகள் எதையும் சரியாகப் படிக்க முடியாது.

படி 10: நம் கரையின் சொந்தச் சாட்சிகள்

குகை இல்லாத ஊரில் வேறு ஏடுகள் உண்டு. வைகை கடைசியாக வந்து சேர்வது ராமநாதபுரம் பெரிய கண்மாயில். வடக்கே ஆர்.எஸ்.மங்கலத்தில் நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய் இருக்கிறது. கண்மாய்களின் அடிவண்டல் ஆண்டாண்டாகச் சேர்ந்தது. தூர்வாராத மூலைகளில் குழாய் இறக்கி எடுத்தால் மகரந்தமும் கரித்துகளும் களிமண்ணும் கிடைக்கும், அவற்றுக்குக் கார்பன்-14 தேதி வாங்கலாம். கண்மாய் மனிதர் வெட்டியது என்பதால் அதன் கணக்கு சில நூற்றாண்டுகளைத் தாண்டுவது கடினம். மடை திறந்ததும் கரை உடைந்ததும் அதில் கலந்தே இருக்கும். ஊர்ப் பெரியவர்களிடம் ‘ஐயா, எந்த வருசம் கரை ஒடஞ்சுச்சு, எந்த மூலைய வெட்டவே இல்ல?’ என்று கேட்டுவிட்டுத்தான் குழாயை இறக்க வேண்டும்.

கடலில் பவளம் இருக்கிறது. மண்டபத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் 21 தீவுகள், 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. உருண்டையாக வளரும் போரைட்டஸ் பவளம் ஆண்டுக்கு ஒரு பட்டை போடும். அதன் ஆக்சிஜன் கடலின் வெப்பத்தையும் உப்புத்தன்மையையும் சொல்லும். வடகிழக்குப் பருவமழை வலுத்த ஆண்டில் வங்கக்கடலின் உப்பு குறைந்த நீர் பாக் நீரிணை வழியே தெற்கே வருவதால், மழைக்கணக்கும் ஓரளவு அதில் பதியும். பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் கடல் இப்போதைவிடச் சற்று உயர்ந்திருந்த நாட்களில் வளர்ந்த பவளம் இன்று கரைமேல் காய்ந்து நிற்கிறது. சில ஆயிரம் ஆண்டுப் பழமை உடையது. யுரேனியம், தோரியம் முறை பவளத்திலும் வேலை செய்யும். குகைக் கல்லோடு அதே அளவுகோலில் ஒப்பிடலாம் என்பதுதான் இதன் பலம்.

ஆனால் பவளத்தில் கை வைக்காதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பவளங்கள் இருக்கின்றன. செத்த பவளத்தை எடுப்பதும் குற்றம். வனத்துறை அனுமதியோடு ஆய்வு நிறுவனங்கள்தான் மாதிரி எடுக்கலாம். மாணவர்கள் செய்யக்கூடியது, உயர்ந்து நிற்கும் பவளத் திட்டுகளை இடம் குறித்துப் படமெடுப்பது, படத்தில் ஒரு அளவுகோலை வைப்பது, கடலின் உச்சி ஏற்றக் கோட்டிலிருந்து திட்டின் மேல்பரப்பு எத்தனை சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று அமாவாசை, பௌர்ணமி ஏற்றத்தின்போது அளந்து எழுதுவது. பவளம் புரண்டு கிடக்கிறதா, வளர்ந்த நிலையிலேயே நிமிர்ந்து நிற்கிறதா என்பதையும் கட்டாயம் குறியுங்கள். புரண்டது புயல் தூக்கிப் போட்டதாக இருக்கலாம். நிமிர்ந்து நிற்பதற்கு மட்டும்தான் தேதி வாங்கப் பணம் செலவழிப்பார்கள்.